வாசிக்காமல் வைத்திருந்த கலியாண ஓலை

அன்புள்ள மகள் தெரேசுக்கு,

‘கர்த்தர் கிருபையால் இவ்விடம் யாவரும் சுகம்’ என்று எழுதத்தான் கை போயிற்று. அந்த ஒரு வரியை எழுதிவிட்டு அதற்குக் கீழே எத்தனை கடிதங்களில் எத்தனை புளுகை அடுக்கியிருக்கிறேன் என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது. ஆகையால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் சவேரியும் அவன் மனைவியும் சைகோனிலிருந்து வந்து இறங்கி நாலு நாள் ஆகிறது. உன் கலியாணத்துக்கே வந்திருக்க வேண்டியவர்கள், லீவு கிடைக்காமல் ஐந்து வாரம் பிந்திவிட்டார்கள். அடுத்த வாரம் காரைக்காலுக்கு உன் வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் வாயால் நீ கேட்பதற்கு முன்னால், இன்று காலையில் இங்கே நடந்ததை என் கையாலேயே எழுதிவிட வேண்டும். அதற்கும் முன்னால் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். பெற்ற மகளுக்கு எந்தத் தகப்பன் நன்றி சொல்லிக் கடிதம் எழுதுகிறான் என்று உன் அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன், உன் புருஷனும் மாமியாரும் தாராளமாகப் படிக்கலாம்.

நன்றி சொல்வதென்றால் என் குணத்திலிருந்து தொடங்க வேண்டும். முப்பது வருஷமாக நான் கோயிலில் உபதேசியார். சாமியாருக்கு வரும் கடிதங்களைப் பிரிப்பது, ஞானஸ்நானப் புத்தகம் எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் அறிவிப்புகளை வாசிப்பது என் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டபின் உன் அம்மாவுக்குக் கதைப் புத்தகம் வாசிப்பது அடுத்த வேலை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. அது எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. கதையில் குழந்தை செத்தால் நான் பிழைக்க வைத்துவிடுவேன். புருஷன் பெண்டாட்டியை அடித்தால், அடிக்கக் கை ஓங்கியவன் மனம் மாறிக் கோயிலுக்குப் போனான் என்று வாசிப்பேன். வைத்திக்குப்பத்து அஞ்சலை மீன் விற்ற கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கேட்பாளே, அவள் ஒருநாள் சொன்னாள்: “உபதேசியாரு படிச்சா மட்டும் கதையில ஒருத்தரும் சாவறதில்ல. எங்க குப்பத்துக்கும் வந்து படிங்களேன், கடலுக்குப் போறவனெல்லாம் திரும்பி வரட்டும்.” நான் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

கதையோடு நின்றிருந்தால் பாதகமில்லை. உன் அம்மாவைப் பெற்ற தாத்தா இறந்த சேதி வந்தபோது உனக்கு ஆறு வயது. ‘உங்கப்பாவுக்குக் கொஞ்சம் ஜுரம், பார்த்துட்டு வரலாம்’ என்று சொல்லித்தான் அவளை ஜட்காவில் ஏற்றினேன். போகிற வழியிலேயே அழுது மாய்வாள், போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று என் கணக்கு. தவளக்குப்பம் முனையில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஜுரத்து வாய்க்கு நல்லது என்று சாத்துக்குடிக்குப் பேரம் பேசினாள். நான் பக்கத்தில் நின்று பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையோடுதான் அவள் பறைமேளம் கேட்கும் தெருவுக்குள் இறங்கினாள். இன்றுவரை அவள் சாத்துக்குடி தின்று நீ பார்த்திருக்கமாட்டாய். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

பிறகு சவேரி சைகோனுக்கு உத்தியோகமாகப் போனான். போன மூன்றாம் வருஷம் அங்கிருக்கும் சாமியார் நம் சாமியாருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தங்கள் பங்கில் பிறந்த சவரிமுத்து என்பவர் இங்கே மரி லான் என்ற பெண்ணை மணக்க இருக்கிறார், தங்கள் கோயிலிலும் மூன்று ஞாயிறு கலியாண அறிவிப்பு ஓலை வாசித்து, தடை ஏதும் இல்லை என்று எழுதி அனுப்பவும் என்று இருந்தது. நம் சவேரியின் முழுப் பெயரைப் போட்டிருந்தார். நம் ஜனங்கள் மத்தியில் அந்த ஓலை வாசிக்காமல் தாலி ஏறாது என்பது உனக்குத் தெரியும். பெண் அந்தத் தேசத்துப் பெண், அனாமித்து. தகப்பன் அங்கே கோயிலில் பாட்டுக்காரர். கடிதத்தைப் பிரித்தவன் நான். சாமியாருக்குக் கண் மங்கி, நான் வாசித்துக் காட்டினால்தான் உண்டு. நான் வாசித்துக் காட்டவில்லை. பழைய ஞானஸ்நானப் புத்தகம் ஒன்றுக்குள் வைத்து மூடினேன். ஆறேழு மாதம் கழித்து நினைவூட்டி இன்னொரு கடிதம் வந்தது. அதுவும் அதே புத்தகத்துக்குள் போயிற்று. சவேரி எனக்குத் தனியாக எழுதிக் கேட்டான். ‘சாமியாருக்கு ஒன்றும் வரவில்லை மகனே, கடல் தபால்தானே, பொறுமையாயிரு’ என்று பதில் எழுதினேன். அதற்கு மேல் வரியில் கர்த்தர் கிருபை, யாவரும் சுகம். அவன் என் பிள்ளை, பொறுத்தான். இரண்டு வருஷம் பொறுத்தான்.

அப்போது உன்னைத் தம்புசாமி வீட்டில் கேட்டிருந்தார்கள். அவர் சைகோன் கோர்ட்டில் இருபது வருஷம் இருந்து பென்ஷனோடு திரும்பியவர், பையனுக்கும் நல்ல வேலை. அண்ணன் அனாமித்துப் பெண்ணைக் கட்டப்போகிறான் என்று தெரிந்தால் சம்பந்தம் நிற்காது. ‘எல்லாம் தெரேசுக்காகத்தான்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பிறகு உன்னிடமும் சொன்னேன். அது பொய் அம்மா. இதை முதன்முதலாக இந்தக் கடிதத்தில்தான் ஒத்துக்கொள்கிறேன். உன் சம்பந்தம் பேச்சு ஆரம்பித்தது அந்தக் கடிதம் வந்து மூன்று மாதம் கழித்து. முதல்நாள் நான் பயந்தது உனக்காக இல்லை. என் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் சேர்த்து நானே சபை நடுவில் நின்று வாசிக்க வேண்டுமே என்றுதான் பயந்தேன். வெட்கம் என்னுடையது. பழியைக் கொண்டுபோய் உன் தலையில் வைத்தேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், என்னுடையது இரண்டு வருஷம் ஓடியதற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை, அந்தப் புத்தகத்தை வேறு யாரும் திறக்காததுதான். கிழிந்த பக்கங்களைப் பெயர்த்தெழுத உன்னைக் கூப்பிட்டவனும் நானேதான். கன்னியாஸ்திரீகள் உனக்குக் கற்றுக்கொடுத்த பிரெஞ்சுக்கு அன்றைக்குத்தான் சரியான வேலை வந்தது. இரண்டு கடிதத்தையும் படித்துவிட்டு அதே இடத்தில் வைத்தாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாரம் நீ நிமிர்ந்து என்னைப் பார்க்காதது, பின்னல் வேலையில் கவனம் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாசித்த கதை உனக்கு நினைவிருக்கும். ஒரு பையன் ரங்கூனுக்குப் போகிறான், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தாய்க்கு எழுதுகிறான். அந்தப் பக்கம் வந்ததும் கதையை மாற்றினேன். பையனுக்கு ரங்கூனில் விஷஜுரம் கண்டது, வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டான், சுகமானான் என்று தடங்கலில்லாமல் வாசித்தேன். உன் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ‘உம்’ கொட்டினாள். நீ பின்னலை மடியில் வைத்தாய்.

“அப்பா, அந்தப் பக்கத்துல அப்படி இல்லியே.”

“நீ எப்பப் பார்த்த?”

“முந்தாநேத்தே படிச்சுட்டேன். குடுங்க, நான் படிக்கறேன்.”

நான் சத்தம் போட்டேன். அஞ்சலை கூட இருந்தாள் என்பதையும் பார்க்கவில்லை. நீ புத்தகத்தை வாங்கி உள்ளது உள்ளபடி படித்தாய். தாய் கடிதத்தைக் கிழிக்கிறாள், இனி நீ என் பிள்ளை இல்லை என்கிறாள். உன் அம்மா கையிலிருந்த முறத்தைத் தரையில் தட்டினாள். “அவளுக்கு இன்னா பைத்தியமா? எவளா இருந்தா இன்னா, கூட்டியாந்து காட்டுடான்னு சொல்றத வுட்டுட்டு! புள்ளயவா வுடறது?” என்றாள். அஞ்சலையும் அதையே சொன்னாள். நீ என்னைப் பார்த்தாய். அஞ்சலை கூடையை எடுத்துக்கொண்டு போனதும், “அப்பா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்று கேட்டாய். நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. எதிர்வீட்டுப் பசுமாடு கத்திக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கதையில் வந்த தாய்க்கு அவ்வளவு புத்தி சொன்னவள், தன் பிள்ளை என்றதும் அப்படிச் சொல்லவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பெண்ணின் மேல் கோபமா, பிள்ளையின் மேல் கோபமா, என் மேலா என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு, ‘வாங்க’ என்று கூடக் கூப்பிடாமல் போவாள். ஆறிப்போன சோற்றைத் தின்று பார்த்தால்தான் ஒரு மனிதனுக்குத் தன் பெறுமதி தெரியும். ஒரு ராத்திரி அவள் அழுததை நீயும் கேட்டிருப்பாய். பத்தாம் நாள், நான் சட்டை மாட்டும்போது பின்னால் வந்து நின்றாள். “ஞாயித்துக்கெழம ஓல வாசிப்பீங்களா, மாட்டீங்களா? மாட்டேன்னா சொல்லிடுங்க, நான் போய் சாமியார் கால்ல விழறேன். ரெண்டு வருசமா எம்புள்ள வாசப்படியில நிக்கிறான், கதவச் சாத்தி வெச்சது நீங்க” என்றாள். அன்றைக்கே சாமியாரிடம் போய் இரண்டு கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திட்டவில்லை. “ஓலையை எழுது, வாசி” என்றார்.

அந்த ஞாயிறு பூசையில் நான் நின்றதைப் பற்றி ஊரில் பலவிதமாகச் சொன்னார்கள். உள்ளே நடந்தது எனக்குத்தான் தெரியும். மரி லான் என்பதை மரியம்மாள் என்று வாசித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு புத்தி ஓடியது. முப்பது வருஷப் பழக்கம் அல்லவா. பெண்கள் பக்கத்தில் நீயும் அம்மாவும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். தம்புசாமி தூணோரம் இருந்தார். என் மகன் பெயரை வாசித்தேன், என் பெயரை வாசித்தேன், அந்தப் பெண்ணின் பெயரையும் அவள் தகப்பனார் பெயரையும் எனக்கு வந்த உச்சரிப்பில் முழுசாக வாசித்தேன். சபையில் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில் எப்போதும் வாசிக்கும் வரி ஒன்று உண்டே, ‘இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் குருவானவரிடம் தெரிவிக்கக் கடவர்கள்’ என்று. ஆயிரம் தடவை வாசித்த வரி. அன்றைக்கு அதை வாசிக்கும்போது, அந்தத் தடை நான்தானே என்று தோன்றிப் பாதி வரியில் நின்றுவிட்டேன். எப்படியோ முடித்துவிட்டு இறங்கினேன். மனிதர்கள் என் உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள்.

மறுநாளே தம்புசாமி வந்தார். கோபமாக வரவில்லை, நல்ல யோசனையோடு வந்தார். ஒரு ஓலை ஆயிற்று, மிச்சம் இரண்டையும் பிஷப் ஆண்டவரிடம் விலக்குக் கேட்டு நிறுத்திவிடலாம், ஜனம் ஒரு மாதத்தில் மறந்துவிடும், பையனை அங்கேயே இருக்கச் சொல்லுங்கள், இந்தப் பக்கம் கூட்டி வர வேண்டாம், நம் சம்பந்தம் நடக்கும் என்றார். அந்த ஊர்ச் சோற்றை இருபது வருஷம் தின்றவர் சொன்ன யோசனை அது. நானோ தலையை ஆட்டத் தயாராகிவிட்டேன். முந்தின நாள்தான் பாதி வரியில் நின்றவன், ஒரே நாளில்! நீ காப்பியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாய்.

“மாமா, எங்கண்ணி இந்த ஊட்டுக்கு வருவாங்க. எங் கல்யாணத்துக்கும் வருவாங்க. அது ஒத்து வரலன்னா இப்பவே சொல்லிடுங்க, யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம்.”

அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார், அந்த மரியாதை இருந்தது. அவர் போனதும் நான் உன்னைப் பார்த்து, ‘உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்ட’ என்றேன். நீ லோட்டாவைக் கழுவப் போனாய். அந்தப் பையனை உனக்குப் பிடித்திருந்தது என்று உன் அம்மா சொல்லித்தான் எனக்குப் பிறகு தெரிந்தது. தெரியாமல் சொன்னேன் என்று தப்பிக்கப் பார்க்கவில்லை. அந்த வார்த்தைக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் ஓலையை முழுசாக வாசித்தேனே, அது என் தைரியம் இல்லை. நீ இழந்ததைப் பார்த்தபின் வாசிக்காமல் இருக்க எனக்கு முகம் இல்லை.

பிறகு ஒன்றரை வருஷம் உன்னை யாரும் கேட்டு வரவில்லை. காரைக்காலிலிருந்து உன் மாமியார் வந்தபோது, ‘பெத்த புள்ள சங்கதிய சபையில நின்னு படிச்ச மனுசன் ஊட்டுல பொண்ணெடுக்கணும்னு வந்தேன்’ என்றார்கள். எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. இரண்டு வருஷம் ஒளித்தவன் நான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பல்லைக் காட்டி மோர் கொடுத்தேன். நீதான் நிச்சயத்துக்கு முன்னால் அவர்களைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய். கலியாணத்தன்று அவர்களே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்கள்: “ரெண்டு வருசந்தான ஒளிச்சீங்க? எங்க ஊட்டுக்காரரு சாவற வரைக்கும் ஒளிச்சாரு. போங்க, பந்தியப் பாருங்க.” சம்பந்தியம்மா, இதைப் படிக்கிறீர்களானால், அன்றைக்கு நான் பந்தியைப் பார்க்கப் போகவில்லை, கொல்லைப்புறம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எனக்கு இத்தனை பேர் நல்லது செய்தும் ஒரு விஷயம் மிச்சமிருந்தது. முதல் கடிதம் தபாலில் தொலைந்தது, இரண்டாவது பிந்தி வந்தது என்றுதான் சவேரி நினைத்துக்கொண்டிருந்தான். அம்மாவும் நீயும் எழுதவில்லை, அது என் வாயால் போக வேண்டியது என்று விட்டுவிட்டீர்கள். நாலு நாளாக நான் அவனுக்குக் கறி வாங்கிப் போட்டேன், மருமகளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தேன். அவள் மெலிந்த பெண், மெதுவாகப் பேசுகிறாள். சேலையைச் சுற்றத் தெரியாமல் உன் அம்மாவிடம் நிற்பாள், அம்மா முந்தானையை இழுத்துச் செருகிவிட்டுக் கன்னத்தைக் கிள்ளுவாள். இவ்வளவையும் நான் கெடுக்க வேண்டுமா என்று நேற்றுவரை இருந்தேன். இன்று காலை பூசை முடிந்து மூன்று பேரும் கடற்கரையோரம் நடந்தோம். கப்பல் பாலத்தருகில் உட்கார்ந்ததும், சவேரி சாதாரணமாகச் சொன்னான்: “லானோட அப்பா இருந்திருந்தா இந்தக் கடலப் பார்த்து சந்தோசப்பட்டிருப்பாரு. ஓலை வந்து சேர நாலு மாசத்துக்கு முன்னாடிதான் போனாரு.” அவர் இறந்தது எனக்குத் தெரியும், எப்போது என்று தெரியாது. கேட்காமலே இருந்திருக்கிறேன்.

உனக்கு நான் கடன்பட்ட இடம் அதுதான் தெரேசு. ‘நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா’ என்று கேட்க நீ பக்கத்தில் இல்லை. இருந்தும் வாய் திறந்தது. கடிதம் தொலையவில்லை சவேரி, இரண்டும் அந்தந்த நேரத்திலேயே வந்தன, நான்தான் ஒளித்து வைத்தேன் என்று சொன்னேன். தெரேசுக்காக என்று சொல்லவில்லை, என் வெட்கத்துக்காக என்று சொன்னேன். அவன் எழுந்து தண்ணீர் வரைக்கும் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், அவளிடம் அவர்கள் பாஷையில் எல்லாவற்றையும் சொன்னான். அவள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். அழுவாள், ஏசுவாள், இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவள் ஒன்று கேட்டாள், சவேரி அதைத் தமிழில் சொன்னான்:

“புதுச்சேரியில நம்மள வேணாம்னுட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டேதான் அவங்கப்பா கண்ண மூடுனாராம். அவங்கம்மா இன்னும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்காங்களாம். கோயில் வேணாம்னு சொல்லல, ஊரு வேணாம்னு சொல்லல, நடந்தது இன்னான்னு அவங்கம்மாவுக்கு நீங்க எழுதித் தரணுமாம். அது போதுமாம்.”

வீட்டுக்கு வந்ததும் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டோம். நான் தமிழில் சொல்ல, சவேரி அவளுக்குச் சொல்ல, அவள் தன் அம்மாவுக்குப் புரியும் எழுத்தில் எழுதுவதாக ஏற்பாடு. உன் அம்மா கதவோரம் வந்து நின்றாள். நான் சொன்னேன்: ‘அம்மா, தங்கள் மகளை இந்த ஊர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் கலியாணத்தைத் தடுத்தவன் ஒரே ஒருவன், அவள் மாமனார். தங்கள் கணவர் மன வருத்தத்தோடு போனதற்குக் காரணம் நான்.’ சவேரி அதைச் சொல்லி முடித்ததும் அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், பிறகு அவன் காதில் ஏதோ சொன்னாள்.

“கொஞ்சம் நயமா மாத்தி எழுதட்டுமான்னு கேக்கறா, அப்பா.”

“வேணாம், அப்படியே எழுதச் சொல்லு” என்றேன்.

உன் அப்பா.